மூசிக் கரைப் புல்

செவ்வாய், இரவு

எங்கள் பால்காரர் எருமைக்கு எங்கே தீனி வாங்குகிறார் என்று பார்க்க, இன்று அவர் பைக்கிலேயே மூசி ஆற்றங்கரைக்குப் போனேன். போயிருக்கவே கூடாது. சாக்கடையாகி நுரை தள்ளும் ஆற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து வயலுக்கு இறைக்கிறார்கள். அதில் பச்சைப் பசேலென்று புல்.

நெல்லை ஏன் விட்டீர்கள் என்று வயல்காரரிடம் கேட்டேன்.

"நெல்லுக்கு அறுப்புக் கூலிகூடக் கட்டல. பட்டணத்துல பால் விலை ஏறுது, புல்லுக்குத்தான் கிராக்கி. நெல் வாங்குற மில்காரன் மாதிரி எருமை தரம் பாக்காது சார்."

எனக்குக் கடுங்காப்பி கொடுத்தார்.

"இந்தப் பாலை நாங்க தொடறதில்ல" என்றார். பால்காரரும் சேர்ந்து சிரித்தார். தூ!

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே பூரித்துப்போய்ச் சொல்கிறாள்: "பாப்பா இன்னிக்கு அடம்பிடிக்காம ரெண்டு டம்ளர் பால் குடிச்சுட்டா!"