பேய்க்கு டி.சி. இல்லை

எம். புதுப்பட்டி
19.1.2025

அன்பு ரோஜா,

விடுதிச் சோறு தொண்டையில் இறங்குகிறதா? உனக்கு அங்கே போன் தராததால் என் கையெழுத்து அழகாகிக்கொண்டு வருகிறது.

பள்ளியில் இரண்டு சங்கங்கள் தொடங்கினேன். ஆலை வெடிக்கும் சத்தத்தைக் கேட்டே அது எந்த ஊர்ப் பக்கம் என்று சொல்லும் சங்கத்தைத் தலைமையாசிரியை அன்றைக்கே கலைத்துவிட்டார். மிச்சம் இருப்பது திரைப்படச் சங்கம். "மொதல்ல கணக்குல பாஸாகு, பெறகு படம் எடு" என்றார். நான் படத்தை முதலில் வைத்துக்கொண்டேன்.

கதை கேள். பட்டாசு ஆலையில் செத்துப்போன ஒருத்தி பதினொன்றாம் வகுப்பில் சேர வருகிறாள். டி.சி. கேட்கிறார்கள். இல்லை. மறுநாள் போட்டோ கேட்கிறார்கள். பேய் எந்தப் போட்டோவில் விழும்? தினமும் வருகிறாள், தினமும் திருப்பி அனுப்புகிறார்கள். பேய் நான்தான். ஆண்டு விழாவில் போடுகிறோம்.

உன் அம்மா போனதிலிருந்து இந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லையடி. அதற்காகத்தான். கோபப்படாதே.

உன்
ஓவியா

மதுரை
16.2.2025

ஓவியா,

போன ஞாயிறு வார்டன் அம்மா போனில் அப்பா பேசினார். "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை. "ஏ ரோசா, ஒங்கம்மா பள்ளிக்கூடத்துல இருக்காடி. டி.சி. இல்லைன்னு சேக்க மாட்டேங்காக" என்றார்.

நீ என் அம்மாவைப் பேயாக்கியிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா மாதிரியே தோளைச் சாய்த்து, முந்தானையை இடுப்பில் செருகி நடந்தாயாமே. ஆண்டு விழாவில் எல்லாரும் சிரித்தார்களாம். அப்பா மட்டும் எழுந்து நின்று, அம்மா பெயரைச் சொல்லி "அய்யம்மா" என்று கூப்பிட்டாராம்.

இப்போது வேலைக்கும் போகாமல் பள்ளி வாசலில் நிற்கிறாராம். பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள். நான் இங்கே எப்படிப் படிப்பேன்? அந்தப் படத்தை அழித்துவிடு.

ரோஜா

எம். புதுப்பட்டி
23.2.2025

அன்பு ரோஜா,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே பள்ளி வாசலுக்குப் போனேன். உன் அப்பா மதிய வெயிலில் இருந்தே நின்றிருக்கிறார்.

"பெரியப்பா, அது நாந்தான். வேசம் போட்டேன்."

"தெரியும் தாயி. ஒன் மொகம் தெரியாதா எனக்கு?" என்றார். பிறகு, "ஆனா நடக்கையில நீ இல்லையே" என்றார்.

அன்றைக்கு முழுக்க நான் எப்படி நடப்பேன் என்றே எனக்கு மறந்துவிட்டது.

மாவட்டப் போட்டிக்குப் படம் தேர்வாகியிருந்தது. தலைமையாசிரியையே முதல்முறையாகக் கைகொடுத்தார். பெயரை வாபஸ் வாங்கிவிட்டேன். படத்தை என் போன், பள்ளிக் கணினி இரண்டிலும் அழித்தேன். வேறு எங்கும் இல்லை. உன் அப்பாவிடமும் சொன்னேன். "சரி, அவ போகட்டும்" என்று வீட்டுக்குப் போனார். நேற்று வேலைக்கு, நாரணாபுரத்துக்கு வேன் ஏறிவிட்டார்.

நீ பேசுவாய் அல்லவா?

உன்
ஓவியா

மதுரை
2.3.2025

அன்பு ஓவியா,

அப்பா வேலைக்குப் போவதாகச் சொன்னார். நிம்மதி. உன் மேல் கோபம் இல்லை. அழிக்கச் சொன்னதும் நான்தான்.

ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்பில் இருந்து எழுந்து போய்விட்டேன். டீச்சர் கூப்பிட்டும் திரும்பவில்லை. லீவுக்கு வரும்போது நாம் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, அழிப்பதற்கு முன்னால் அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அதை உனக்கு எழுதத் தோன்றவில்லை.

அம்மா வந்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்பாவை மட்டும் பார்த்துவிட்டு.

ரோஜா