பூட்டிய தாடை

பெஹாலா, கொல்கத்தா
21.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோதை எழுதுகிறேன். நீயும் தீப்தியும் சௌக்கியம்தானே? நான் போனை எடுப்பதில்லை என்று நீ கோபமாக இருப்பாய். வேண்டுமென்று இல்லை அக்கா, வாயைத் திறக்க முடியவில்லை. இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் தாடை விலக மாட்டேன் என்கிறது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் காதுக்குள் குத்துகிறது. வாட்ஸப்பில் எழுதலாமே என்பாய். உன் போன் எப்போதும் தீப்தி கையில்தான். கல்யாணப் பெண் தன் சித்தியைப் பற்றி இதையெல்லாம் படிக்க வேண்டாம்.

துர்கா பூஜைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மாடியில் இருக்கும் வீட்டுக்கார மாஷிமா ஒருநாள் இறங்கி வந்து, தினமும் ராத்திரி என்ன மசாலா அரைக்கிறாய், சத்தம் மேலே வரை கேட்கிறதே என்றாள். என்னிடம் அம்மியே கிடையாது. அடுத்த வாரம் சாப்பிடும்போது கல் கடிபட்டது. எடுத்துப் பார்த்தால் என் கடைவாய்ப் பல்லின் துண்டு. தூக்கத்தில் நான் பல்லை அரைக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

கரியாஹாட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். கன்னத்தின் உள்பக்கம் பல் பதிந்து வெள்ளைக் கோடு விழுந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். "டென்ஷன் ஆச்சே?" என்று, டென்ஷன் ஏதும் இருக்கிறதா என்று வங்காளத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நம்பவில்லை. ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ள பிளாஸ்டிக்கில் ஒரு உறை செய்து கொடுத்தார். மூன்றே வாரத்தில் அதையும் கடித்துப் பிளந்துவிட்டேன். பகலிலும் பல்லோடு பல் ஒட்டக் கூடாதாம். ஞாபகம் வருவதற்காக ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடி, கதவு, ஆபீஸ் மேஜை என்று எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறேன். பொட்டைப் பார்த்தால் தாடையைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு பொட்டைப் பார்க்கும்போதும் பல் கிட்டித்துத்தான் இருக்கிறது.

அத்தான் தீபாவளிக்கு இங்கிருந்து ஊருக்கு வருவார் இல்லையா? வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுது. நான் எழுதினேன் என்று சொல்லாதே.

உன் தங்கை,
பூங்கோதை


திருச்சி
2.11.2024

அன்புத் தங்கை கோதைக்கு அக்கா ராஜலக்ஷ்மியின் ஆசிகள்.

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். தனியாகக் கிடந்து பல்லைக் கடிக்கிறாயே. வெந்நீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் ஒத்தடம் கொடு. டீயைக் குறை. அந்த ஊரில் எந்நேரமும் மண்குவளையும் கையுமாகத்தான் நிற்பீர்கள்.

அத்தான் நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறார். யாருடனும் அதிகம் பேசவில்லை. தீப்திக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போனபோதுகூட வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். கல்யாணம் தை இருபது, மறந்துவிடாதே. நாத்தனார் முடிச்சுக்கு ஆள் இருக்கிறது, ஆனால் என் பக்கத்தில் நிற்க எனக்கு உன்னைவிட்டால் யார்?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவருக்குத் தெரிய வேண்டாம் என்று ஏன் எழுதினாய்? உன் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, தான் மேனேஜராக இருக்கும் பட்டறையில் உன்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். தன் கூடப்பிறந்தவளைப் போலத்தானே பார்க்கிறார்? அங்கே ஏதாவது திட்டினாரா? உன் பேச்சை எடுத்தால், "அவ வேலையிலே கவனமே இல்லே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். எனக்கு என்னமோ பயமாக இருக்கிறது.

உன் அக்கா,
ராஜி


பெஹாலா
11.11.2024

அன்புள்ள அக்கா,

கேட்டுவிட்டாய். இனி மறைத்துப் பயனில்லை.

எங்கள் ஹவுரா பட்டறையில் கிரேனுக்கு மாட்டும் கொக்கிகள் செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கொக்கியிலும் அது தாங்க வேண்டியதைவிட அதிக எடை ஏற்றிப் பார்த்து, வாய் விரியவில்லை, விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. ஆகஸ்டில் அந்த மெஷின் பழுதாகிவிட்டது. முப்பத்தாறு கொக்கிகள் சோதிக்காமலே நின்றன. அத்தான் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"டெஸ்ட் பண்ணாம எப்படி அத்தான்?" என்றேன்.

"இங்கே நான் உனக்கு அத்தான் இல்லே. மேனேஜர்" என்றார். அப்புறம் அவரே குரலைத் தணித்துக்கொண்டு, "லாரி வாசல்லே நிக்குது, போடும்மா. மெஷின் சரியானதும் திருப்பி வாங்கிப் பார்த்துக்கலாம்" என்றார்.

போட்டேன். முப்பத்தாறு கையெழுத்து.

மெஷின் செப்டம்பரிலேயே சரியாகிவிட்டது. கொக்கிகள் திரும்பி வரவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை, "உனக்கு இந்த வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். அவரும் பயந்துதான் போயிருக்கிறார் அக்கா. அது முகத்தில் தெரிகிறது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

கொக்கிகள் கித்திர்ப்பூர் பக்கம் கப்பல் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றுக்குப் போயிருக்கின்றன. படகில் ஆற்றைக் கடக்கும்போது கரையில் எந்தக் கிரேனைக் கண்டாலும் அதன் கீழே யார் நிற்கிறார்கள் என்றுதான் தேடுகிறேன். மாஷிமா வீட்டுப் பேப்பரைக் காலையில் நான்தான் முதலில் எடுக்கிறேன். வங்காள மொழியில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை 'துர்கட்டனா'. விபத்து என்று அர்த்தம். அந்த வார்த்தை தெரியும் நாளெல்லாம் மாஷிமாவைப் படித்துச் சொல்லச் சொல்கிறேன். பஸ் மோதியது, சுவர் இடிந்தது என்று அவள் சொல்லி முடிக்கும்வரை என் தாடை இறுகிக்கிடக்கிறது. இரண்டாவது உறையும் பிளந்தாயிற்று. டாக்டரம்மா இப்போதெல்லாம் என் பல்லைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்.

நடந்ததையெல்லாம் அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஐந்து நாளாகிறது. கொடுத்தால் அத்தானுக்கு என்ன ஆகும் என்று தெரியும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. நீ என்ன சொல்கிறாய்?

கோதை


திருச்சி
18.11.2024

கோதை,

கொடுக்காதே.

அதைக் கிழித்துப் போடு. இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு. இத்தனை மாதமாக ஒன்றும் ஆகவில்லையே, இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது? பத்திரிகை அச்சாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியும். அப்பா மேல் போலீஸ் கேஸ் என்றால் அந்தப் பெண் மணையில் உட்கார முடியுமா? அவளைத் தூக்கி வளர்த்தவள் நீ.

வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. நான் வைத்துக் காப்பாற்றுகிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ராஜி


பெஹாலா
9.12.2024

அன்புள்ள அக்கா,

இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதிவிட வேண்டும்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். கிழிக்கலாம் என்றுதான் கம்பெனிக்கு எழுதியதைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். அப்போது மாஷிமா பேப்பரோடு வந்தாள். கப்பல் துறைப் பக்கம் ஒருவர் இறந்துவிட்டார் என்று படித்தாள். முழுதும் படி என்று பேப்பரைத் தட்டினேன். அவள் தொடர்ந்து படித்தாள். ஆற்றில் தவறி விழுந்தவராம். அந்த மனுஷன் ஆற்றில் விழுந்துதான் செத்தான் என்று கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. ஒரு சாவைக் கேட்டு நிம்மதிப்படுகிறேனே என்று அப்புறம்தான் உறைத்தது. புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தக் கித்திர்ப்பூர் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி நம் தமிழர், வீரராகவன் என்று பெயர். பேச முடியாமல் காகிதத்தை நீட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

"இதுல இருக்கிற கையெழுத்தும் சர்ட்டிபிகேட்ல இருக்கிறதும் உங்களோடதுதானா?"

தலையாட்டினேன்.

"உங்க வேலையும் போகும். தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் போனை எடுத்து, கிரேன்களையெல்லாம் நிறுத்தச் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக நின்றன.

கொக்கிகளை வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முப்பத்தாறில் நான்கு எடை தாங்காமல் வாய் விரிந்துவிட்டன. பட்டறையில் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அத்தானை விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டது என் குற்றம்தான் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். போலீஸ் கூப்பிட்டால் அதையேதான் சொல்வேன்.

வாய் கொஞ்சம் திறக்கிறது. தூங்கும்போது கடிப்பது நிற்கவில்லை. நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கிரேனை நினைத்துப் பயந்தது போய், இப்போது தபால்காரர் மணியடித்தால் உன் கையெழுத்தாக இருக்குமோ என்று பயம். இல்லாவிட்டால் அதைவிடப் பயம்.

தீப்தி என்ன சொல்கிறாள்?

கோதை


திருச்சி
3.1.2025

பூங்கோதைக்கு,

கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றார். ஆனால் மண்டபத்தில் இல்லை, கோயிலில். இருபது பேர்தான்.

நீ வர வேண்டாம். அத்தான் உன் முகத்தைப் பார்க்க மாட்டார். தீப்தி உன் பெயரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். என் மனதில் என்ன இருக்கிறது என்று என்னிடமும் கேட்காதே. கேட்பவர்களிடம் உனக்குப் பல்வலி, பிரயாணம் செய்ய முடியாது என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகு எனக்கு எழுதாதே. நானே எழுதும்வரை எழுதாதே. எழுதுவேனா என்று தெரியாது.

ஒன்றுக்கு மட்டும் பதில் போடு. அத்தானிடம் கேட்டேன், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நான்கு கொக்கிகள் கிடங்கில் சும்மா கிடந்தவையா? அல்லது ஏதாவது ஒன்றை மேலே மாட்டியிருந்தார்களா? கீழே ஆட்கள் இருந்தார்களா? ராத்திரியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஒரு வரி போதும்.

ராஜலக்ஷ்மி


பெஹாலா
9.1.2025

அக்கா,

இரண்டை மாட்டியிருந்தார்கள், எழுபது நாள், கீழே தினமும் ஆட்கள் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கோதை