கேம்ப்பில் கோட்டை விட்டேன்

ஜூலை 6, ஞாயிறு

விடாத தூறல். துணி காயவில்லை, பரவாயில்லை. இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் என் தீர்மானம் நிறைவேறிவிட்டது! இனி தலைவரை உறுப்பினர்கள் எல்லோரும் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

இதுவரை நாங்கள் குடியிருக்கும் கேம்ப், போசரி, சாகண் என்று பகுதிக்கு ஒரு பிரதிநிதி, பிரதிநிதிக்கு ஓர் ஓட்டு. பாதிக்கு மேல் ஆட்கள் இருக்கும் கேம்ப் எனக்கு. மற்ற இரண்டும் இப்போதைய தலைவர் தங்கராஜ் அண்ணனுக்கு. மூன்று தடவை இப்படியே தோற்றேன். நாட்டின் ஜனாதிபதிக்கே பிரதிநிதிகள்தானே ஓட்டுப் போடுகிறார்கள் என்றார் அண்ணன். நாடு பெரிசு, நாம் நூற்றுச் சொச்சம் பேர் என்றேன். கைதட்டல்.

ஜூலை 9, புதன்

பள்ளி விட்டதும் போசரி. பதினொரு வீடு, பதினொரு டீ. நெஞ்செரிச்சல். நாளை சாகண், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைப் பிடிக்க வேண்டும். கேம்ப்புக்கு வாட்ஸ்ஆப்பில் செய்தி போட்டாயிற்று. நம் ஆட்கள்தானே.

வாங்க: கொத்தமல்லி, கறுப்பு நூல். குடை ரிப்பேர்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஓட்டு. பகுதிக்கு ஒரு பெட்டி. போசரி எனக்கு. சாகணும் எனக்கு! கடைசியாகக் கேம்ப். அண்ணன் அள்ளிக்கொண்டு போனார். மொத்தத்தில் நான்கு ஓட்டில் தோல்வி.

எதிர்வீட்டு மெர்சியிடம் கேட்டே விட்டேன். "எங்களுக்கு மட்டும் மெசேஜா டீச்சர்? அண்ணன் ரெண்டு தடவ வீடேறி வந்து கேட்டாவ."

அண்ணனும் அதே கூத்துதான். சொந்தப் பகுதிகளை எட்டிப் பார்க்காமல் கேம்ப்பில் வீடு வீடாக ஏறியிருக்கிறார். நேரில் அழைக்கவில்லை என்று சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கே போகாதவள் நான். எனக்கு எப்படி மறந்தது?

வீட்டுக்காரர் சட்டைகூட மாற்றாமல் கணக்குப் போட்டுச் சொன்னார்: "பழைய முறைன்னா ரெண்டு பகுதி உனக்கு. நீதான் இப்ப தலைவர்."

சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்தது. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

ஜூலை 14, திங்கள்

அதிசயமாக வெயில். அண்ணன் போன். பழைய முறைக்கே திரும்பலாமா என்று கிண்டல். வேண்டாம், அதிக ஓட்டு வாங்கியவர்தான் தலைவர் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மாலை மெர்சி வீட்டு மணியை அடித்தேன்.

"ஓட்டுதான் முடிஞ்சுபோச்சே, இப்ப என்னத்துக்கு வந்திய?"

சும்மாதான் என்றேன். டீ போட்டாள். நெஞ்செரிச்சல் இல்லை.