மேனேஜருக்கு எழுதிய உரை

என்னங்க,

“நான் பேசுறப்போ கொட்டாவி விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!” என்று கத்திவிட்டு நடக்கப் போய்விட்டீர்கள். மேனேஜருக்கான பிரிவுபசார உரையை நீங்கள் குளியலறையில் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்?

பக்கத்து வீட்டுக்காரிக்கு வரவில்லை. ஜன்னல் வழியே கேட்டுவிட்டு, “ ‘நீங்க இல்லாத நாளை நினைச்சுக்கூடப் பாக்க முடியல’ன்னு உருகுறாரே, யார்கிட்டக்கா?” என்றாள். “என்கிட்டதான்” என்றேன். முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதைச் சொல்லிக்காட்டிப் புருஷனோடு சண்டை போட்டு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானப்படுத்தக் கிளம்புகிறேன். சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பி.கு.: இப்போதுதான் போன் செய்தாள். புருஷன் வந்து அப்படிப் பேசினால்தான் திரும்பி வருவாளாம். அவரை உங்களிடம் அனுப்புகிறேன். ‘மேனேஜர் சார்’ வரும் இடங்களை விட்டுவிட்டு, மீதியைச் சொல்லிக்கொடுங்கள்.