வால் துடித்த எண்ணிக்கை

மார்ச் 4
இன்று முதல் நான் நரம்பு விஞ்ஞானி. எட்டாவதோடு நின்றவன் என்று சிரித்தவர்கள் வந்து பார்க்கட்டும். அக்கா மகள் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கே கூட்டிப்போனாள். மீன் முட்டைக்குள் ஒருநாள்கூட ஆகாத குஞ்சு, கண்ணாடி உடம்பு. நரம்பு முதன்முதலாகச் சதையைக் கூப்பிடும்போது வால் வெடுக்கென்று துடிக்கிறது! உலகத்தில் இதைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். என்னோடு பதினொன்று.

"நிமிஷத்துக்கு எத்தனை துடிப்புன்னு எண்ணுங்க மாமா. ஒரு தட்டுல மருந்து இருக்கு. எதுலன்னு சொல்லமாட்டேன்."

"என்னை ஏம்மா பிடிச்சே?"

"எதுவும் தெரியாதவங்கதான் எண்ணணும்."

தன்னடக்கமாகச் சொல்கிறாள். என் கண் அப்படி.

மார்ச் 5
பச்சை மூடித் தட்டு ஜோர்: இருபத்தெட்டு, முப்பது. மஞ்சள் மூடியில் எல்லாம் சோம்பேறிகள், ஏழுக்கு மேல் போகவில்லை. அக்கா பிள்ளை மனசு உடையுமே! மஞ்சளில் ஆளுக்கு இருபது சேர்த்து எழுதினேன். நான் பிடித்த பாம்புகூட நான் சொல்லச் சொல்ல வருஷத்துக்கு ஓரடி வளர்கிறதே, யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 8
அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு தட்டும் ஒண்ணுதான் மாமா. மூணு வருஷமா நினைச்சது தப்பு. திங்கக்கிழமை பேராசிரியர்கிட்ட நிறுத்திடறேன்னு சொல்லப்போறேன்."

நரம்பின் குரலை அடைக்கிற மருந்தாம் அது. மஞ்சளில் போட்டிருந்தாளாம். அங்கே துடிப்பு குறைந்தால்தான் அவள் ஜெயிப்பாளாம்.

அடப்பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்?

மார்ச் 9
சொல்லிவிட்டேன்.

"அப்ப மஞ்சள்ல நிஜமா எத்தனை—" கண் மின்னியது. சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள். "வேண்டாம், சொல்லாதீங்க!"

நான் எழுதியதையெல்லாம் குறுக்கே அடித்தாள். புது முட்டை, புது மூடி. இந்தத் தடவை படம் பிடித்து, நானும் அவள் தோழியும் தனித்தனியாக எண்ணவேண்டும்.

"உங்க கதைன்னா எனக்கு உயிர் மாமா. இந்த நோட்டுல மட்டும் விடாதீங்க."

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 12
நாற்பது குஞ்சு எண்ணியாச்சு. நீல மூடி: 31, 29, 33... வெள்ளை மூடி: 6, 8, 7... கூட்டி எழுதக் கை பரபரவென்று அரித்தது. எட்டு எட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 13
எந்த மூடியில் மருந்து என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்தாள். மருந்து வெள்ளையில்! தோழி நோட்டும் என் நோட்டும் வரிக்கு வரி ஒன்று. "மாமா!" என்று கத்தி என்னைத் தூக்கியேவிட்டாள். தொண்ணூறு கிலோவை!

திரும்பும் வழியில், நான் ஏற்கெனவே பெருமையடித்து வைத்திருந்த முடிவெட்டுகிறவர் கேட்டார், எத்தனை குஞ்சு எண்ணினீர்கள் என்று.

"லட்சம் இருக்கும்" என்றேன்.

நோட்டில் நாற்பதுதான்.