இரண்டாவது டிஸ்க் எழும்பவில்லை

இன்று காலை என் வீட்டு சர்வரிலிருந்து செத்துப்போன டிஸ்க்கைக் கழற்றினேன். தூத்துக்குடி உப்புக்காற்றில் அதன் இணைப்புப் பின்கள் பச்சைக் களிம்பேறி அரித்திருந்தன. அந்தப் பிசுபிசுப்பு விரலில் ஒட்டியது. உன் ஞாபகம் வந்தது.

நாம் இருவரும் சேர்ந்து கட்டிய பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க்; ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். துறைமுகத்தில் கப்பல் தொட்டி கழுவுவது உன் வேலை. இறங்குமுன், விஷவாயு இல்லை, இன்னார் இறங்கலாம் என்று சூப்பர்வைசர் கையெழுத்திடும் பெர்மிட் தாளை நீ தினமும் போனில் படமெடுப்பாய். படம் நேரே சர்வருக்கு வந்துவிடும். "நாளைக்கு எவனாவது, அவனாத்தான் எறங்கினாம்னு சொல்லுவாம்லே" என்று சிரிப்பாய்.

ஒன்று செத்தால் மற்றது ஓடுமா என்று முதல் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைப் போட்டுப் பார்த்ததும் நீதான். கறுப்புத் திரை. படங்கள் இரண்டிலும் இருந்தன. மெஷினை எழுப்பும் பூட் பகுதியை நான் ஒன்றில் மட்டும் போட்டிருந்தேன். "ரெட்டப் புள்ள பெத்து ஒண்ணுக்கு மட்டும் உசிரு குடுத்திருக்கியேலே" என்றாய். மறுநாள் கேட்டபோது, "ரெண்டுலயும் போட்டாச்சு" என்றேன். போடவில்லை. சோம்பல்.

தொட்டிக்குள் நீ மூச்சுமுட்டிச் செத்த மூன்றாம் நாள், கான்ட்ராக்டரின் ஆள் வெள்ளைச் சட்டையில் வந்தான். உன் போன் கிடைக்கவில்லையாம். சொல் கேளாமல் நீயே இறங்கினாயாம். அப்படி எழுதிய தாளை நீட்டினான். "இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. சின்னவனுக்கு அதே வேலைய வாங்கித் தாரோம்" என்றான் உன் அப்பாவிடம். அதே வேலை! கூடியிருந்த சொந்தத்தில் ஒருவருக்கும் கூசவில்லை. "நல்ல மனுசம்லா" என்று அவனுக்குக் காப்பி கொடுத்தார்கள்.

உன் அப்பா என்னைப் பார்த்தார். "ஏலே, படம் இருக்குன்னியே, காட்டு."

வீட்டுக்கு ஓடினேன். கரண்ட் போய் வந்ததில் மெஷின் அணைந்திருந்தது. முதல் டிஸ்க் செத்துவிட்டது. இரண்டாவது எழும்பவில்லை. திரும்பி ஓடிவந்தேன்.

"ஓடல மாமா. நாளைக்குள்ள எடுத்திருதேன்."

"நாளைக்கு இந்த வேலை இருக்காது" என்றான் வெள்ளைச் சட்டை. உன் அப்பா கையெழுத்திட்டார்.

மறுநாள் பென் டிரைவ் போட்டு மெஷினை எழுப்பினேன். இரண்டாவது டிஸ்க்கில், நீ செத்த அன்றைய தாள் முழுசாக இருந்தது. உன் பெயர், சூப்பர்வைசர் கையெழுத்து. வாயு அளவு எழுத வேண்டிய கட்டம் காலி.

படத்தைக் காட்டினால், அன்றைக்கு ஏன் காட்டவில்லை என்று உன் அப்பா கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டைக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? த்தூ.

திங்கட்கிழமை உன் தம்பி வேலைக்குச் சேருகிறான். இன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போகிறேன். உன்னிடம் சொன்ன பொய்யை முதலில் சொல்வேன். பிறகு படத்தைக் காட்டுவேன். உன் அப்பா என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி, உன் தம்பி அந்தத் தொட்டியில் இறங்கக் கூடாது.