கூழாங்கல் கரையில் ஒரு ரோசாக் கன்று

புருசெத் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், அடுக்குமாடிகளைச் சுற்றி வேலியாக நட்ட ரோசா பூத்துவிட்டது. வாசம் மூக்கில் பட்டதுமே எனக்கு எரிச்சல். ஊரெல்லாம் நின்று முகர்ந்து பார்க்கிறது. நான் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். நேற்றிலிருந்து இருந்தால் இருக்க முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

கோடை தோறும் நாம் இருவரும் பியோர்ட் கடற்கழி ஓரத்துக் கூழாங்கல் கரைக்குப் போவோமே. நீர்விளிம்பிலிருந்து புல்மேடு வரை கயிறு பிடித்து, இடைக்கிடை மரச்சட்டத்தை வைத்து, அதற்குள் நிற்கும் செடிகளை எழுதுவோம். கரை நலமா, நலிகிறதா என்பதை நகரசபை அதை வைத்துத்தான் அறியும். சட்டத்துக்குள் கல் மட்டும் அகப்பட்டு, ஒரு முழம் தள்ளிக் கடற்கோவா தழைத்து நின்றால் எனக்கு மனம் கேட்காது. சட்டத்தை மெல்ல நகர்த்தப் பார்ப்பேன்.

"எடியே, கையை எடு. வெறுங்கல்லெண்டா வெறுங்கல்லெண்டு எழுது" என்பாய்.

கடற்கோவா என்று நாம்தானே பெயர் வைத்தோம், முட்டைக்கோவா மாதிரி இருந்த அந்தத் தடித்த சாம்பல் இலைக்கு. அதைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, ஒரு பகல் முழுக்க நீ என்னோடு கதைக்கவில்லை.

ரோசாதான் உனக்குப் பெரிய பகை. வீட்டு வேலிகளிலிருந்து தப்பிவந்து கல்லுக்குள் கால் ஊன்றினால், மற்றச் செடிகளையெல்லாம் மூடி அழித்துவிடும். "வடிவாத்தான் இருக்கு, அதுக்காக விடேலுமோ?" என்றபடி மண்வெட்டியைத் தூக்குவாய்.

போன கோடையில் எனக்கு அங்கே போக மனம் வரவில்லை. நேற்றுத்தான், நீ இல்லாமல் முதல்முறையாகப் போனேன். நாம் தேநீர் குடிக்கும் பாறைக்குப் பக்கத்தில், சட்டம் வைக்கவேண்டிய இடத்திலேயே ஒரு ரோசாக் கன்று. சுற்றிவரக் கறுப்பு மண். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள். யார் நட்டது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. உன் கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, நான்தான். ஆட்டைத் திவசம் முடிஞ்ச கையோடை வந்து வைச்சனான். அவவுக்குப் பிடிச்ச இடமெல்லோ. வெறுங்கல்லிலை, பாவம், என்னெண்டு பிழைக்கும்? அதுதான் ஒரு பை மண்ணும் கொண்டு வந்தனான்."

இத்தனை வருடம் உன்னோடு குடும்பம் நடத்திய மனிதர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தச் செடி அங்கே நிற்க முடியாது என்று சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. உனக்கென்று அவர் ஆசையாக வைத்தது அது ஒன்றுதான்.

"அப்ப பிடுங்குங்கோ" என்றார். "அவ இருந்திருந்தா என்னையும் சேர்த்தெல்லோ பிடுங்கியிருப்பா."

பிடுங்கினேன். மண்ணையும் அள்ளிப் பையில் போட்டேன். கை முழுக்க முள். விரலளவு வேர் உள்ளே தங்கினாலும் மறுபடி தளிர்த்துவிடும் என்பதால் கற்களைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். திருப்தியே வரவில்லை.

இனி ஒவ்வொரு கிழமையும் போகப்போகிறேன். மிச்ச வேர் பார்க்க என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உனக்கு ஏன் பொய்? ஒரு துண்டாவது தப்பியிருக்காதா என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. தளிர்த்தால் பிடுங்கத்தான் போகிறேன், பயப்படாதே. ஆனால் பிடுங்க முன்னம் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருப்பேன். அதற்கு நீ ஒன்றும் சொல்லக்கூடாது.